பெரிய பாதி

அவருடைய வலது கால் விரல் இடுக்கில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் வரவில்லை. கடைசியில் நகத்தால் கிள்ளி எடுத்தாள். எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள். குதிகாலில் இன்னும் சந்தைச் சேறு இருந்தது. அதைத் துடைக்கக் குனிந்தபோதுதான் வாசலிலிருந்து, அவரோடு சந்தைக்குப் போய்வந்த பங்குக்காரியின் குரல் கேட்டது.

“வெங்காய மூட்டை மேலதான் உக்காந்தார். கொஞ்சம் தண்ணி இருக்கான்னு கேட்டார். நான் பாட்டில் மூடியைத் திருகுறேன், அதுக்குள்ள தலை சாஞ்சிடுச்சு...”

அதற்கு மேல் அழுகை. சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரோ, “அழாதீங்கம்மா, நீங்க இருந்ததாலதான் அனாதையாப் போகாம வீடு வந்து சேர்ந்தார்” என்று தேற்றினார்கள்.

கட்டினவள் உள்ளே இருக்கிறாள். ஆறுதல் வாசலில் நடக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே நின்று முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். எப்படி ஆச்சு, எங்கே ஆச்சு, கடைசியாக என்ன சொன்னார், எல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டது. உள்ளே வந்த பிறகு அவளிடம் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு நகர்ந்தார்கள். சாவிலும் பெரிய பாதியை அவளே எடுத்துக்கொண்டாளே என்று நினைத்தபோது, கண்ணில் வரவேண்டியது வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

உள்ளே இருந்தவளுக்குத் தெருவில் ‘செக்கிங் அக்கா’ என்று பெயர். சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் மேசை இவளுடையது. தைத்து வருகிற சட்டையைத் தூக்கிப் பிடித்தால் போதும், இடது கை வலது கையைவிட அரை விரல் நீளம் என்று டேப் வைக்காமலே சொல்வாள். காலரின் இரண்டு முனையையும் சேர்த்து மடிப்பாள், நூலளவு பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். காலையில் அந்த மேசையருகே நின்றுகொண்டிருந்தபோதுதான் மேனேஜர் வந்து தோளைத் தொட்டார். போட்டது போட்டபடி ஓடிவந்ததில், நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி இன்னும் அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சிக்கனத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலிஃபிளவர் வாங்கினால் பூ ஒரு நாள், தண்டு ஒரு நாள், இலை ஒரு நாள். ரொட்டி ஓரத்தைக் காயவைத்துப் பொடித்து டப்பாவில் போட்டுக்கொள்வாள். உருளைக்கிழங்குத் தோல்கூட அவள் வாணலியில் விழுந்தால் மொறுமொறுவென்று தட்டுக்கு வந்துவிடும். வாரத்துக்கு ஒரே ஒரு தடவை வாங்குவது, வாங்கினதை வைத்தே வாரம் முழுக்க ஓட்டுவது, நடுவில் கடைப்படி மிதிப்பதில்லை என்பது அவள் வீட்டுச் சட்டம். அப்படி மிச்சம் பிடித்துத்தான் மகளைப் படிக்கவைத்தார்கள், கட்டிக்கொடுத்தார்கள், ஒழுகுகிற கூரையை மாற்றினார்கள். “எங்க வீட்டுல எல்லாரும் வயிறார சாப்பிடுவோம். குப்பைக்கூடை மட்டும்தான் பட்டினி” என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கேலியில் அவளுக்குப் பெருமை.

அவர் பஸ் ஓட்டுவதை விட்டு ஓய்வு பெற்றதும், வாரச் சாமானை வாங்கும் வேலை அவர் கைக்குப் போனது. சனிக்கிழமையும் அவளுக்குக் கம்பெனி உண்டு, அவருக்கோ பொழுது போகவில்லை. முதலில் இவள்தான் பாடம் எடுத்தாள். முட்டைக்கோஸைக் கையில் தூக்கிப் பார்க்கணும், அளவுக்கு மீறிக் கனத்தால் நல்லது. தக்காளியை அழுத்தக் கூடாது, காம்பை முகர்ந்து பார்க்கணும். அவரும் ஸ்டியரிங் பிடித்த கையால் அக்கறையாகக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதோடு நின்றிருக்கலாம். ஊருக்கு வெளியே மொத்த மார்க்கெட் என்று ஒன்று இருக்கிறது, அங்கே எல்லாம் பாதி விலை என்று யாரோ ஓதிவிட்டார்கள். ஒரே கஷ்டம், அங்கே மூட்டையாகத்தான் கொடுப்பார்கள், கூடையாகத்தான் கொடுப்பார்கள். பூசணி கேட்டால் ஆள் தூக்கும் அளவுக்கு ஒன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள். இரண்டு பேர் தின்கிற வீட்டுக்கு அது ஆகாது.

“பங்குக்கு ஆள் கிடைச்சாச்சு” என்று ஒரு சனிக்கிழமை வெற்றி வீரனாக வந்து சொன்னார். “நம்ம பின் தெருதான். ஸ்கூல் வேன்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்குற அம்மா. புருஷன் தவறிட்டார். மாமனார், மாமியார், பிள்ளைங்கன்னு அஞ்சு வாய். பாவம், ஒரு வெங்காய மூட்டையவே பார்த்துக்கிட்டு நின்னாங்க. நான்தான் கேட்டேன், பாதி பாதி எடுத்துக்கலாமான்னு.”

“நீங்களாவே கேட்டீங்களா?”

“பின்ன, மூட்டையா கேக்கும்?”

அன்று சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து வாங்குவது, கூட்டுக்கு ஒரு லோடு ஆட்டோ பிடிப்பது, அந்த ஆட்டோவிலேயே பங்கு பிரிப்பது என்று ஏற்பாடு. உதிரியானதைத் தராசில் பிரித்துவிடலாம். பூசணி, முட்டைக்கோஸ், ஐஸில் உறைந்து பலகையாக வரும் மீன் மாதிரி முழுச் சாமானுக்கு அவரே ஒரு சட்டம் வைத்திருந்தார். “வெட்டுறது ஒருத்தர், எடுக்குறது இன்னொருத்தர். வெட்டுறவன் எடுக்கக் கூடாது. அப்பத்தான் ஒழுங்கா நடுவுல வெட்டுவான்” என்றார். வெட்டுவது அவர். செய்தித்தாளில் சுற்றிய கத்தி ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். எடுப்பது அந்த வேன் அம்மா.

கொஞ்ச காலம் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிற பாதியைப் பார்த்தாலே, அங்கே போன பாதி எவ்வளவு என்று செக்கிங் அக்காவுக்குத் தெரிந்துவிடும். வெட்டுவாயில் விதைக்குழி நடுவில் இருந்தால் சமம். இடப்பக்கம் ஒதுங்கினால் பிசகு. நூல் பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் செக்கிங் அக்கா வயிறு கெட்டு, வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எழுந்து வீட்டுக்கு வந்த அந்த வாரமே பாதி சுருங்கியிருந்தது. அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரம் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே. வீட்டிலிருக்கிற பழைய ஃபிரிட்ஜுக்குக் கதவு ரப்பர் தேய்ந்துபோயிருந்தது, கீழ்த் தட்டும் சின்னது. முன்பெல்லாம் பூசணியை உள்ளே தள்ளி, இடுப்பால் முட்டித்தான் கதவை மூடுவாள். இப்போது அதே தட்டில் பூசணி போக இன்னொரு பூசணிக்கு இடம் கிடந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரியும்.

“என்னங்க, இவ்வளவுதானா?”

“காய் கோணல்.”

“போன வாரமும் கோணலா?”

“இந்த வருஷம் வெளைச்சலே கோணல்.”

இரண்டு லாரிகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளியில் பஸ்ஸை நுழைத்து எடுத்த மனுஷன். அவருக்கு ஒரு பூசணிக்காயை நடுவில் வெட்டத் தெரியவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர் அரைப் பூசணிக்காயை அடுத்த தெருவில் மறைத்தார். நான் படுத்துக்கிடந்த நேரம் பார்த்து அவளோடு ஒட்டிக்கொண்டார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவுக்குச் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது.

‘பங்குக்காரி’ என்ற பெயர் அப்போது வைத்ததுதான். அவர் சனிக்கிழமை காலையில் முகச்சவரம் செய்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே, “அவங்க வீட்டுல பூசணியைத் தோலோடயே வேகவைப்பாங்களாம், வீணே போகாதாம்” என்று சொல்லிவிட்டார். யாரிடம்? உருளைக்கிழங்குத் தோலைத் தட்டுக்குக் கொண்டுவந்தவளிடம்! அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் தோலோடுதான் வேகவைத்தாள். நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. அவ பெருசா, நான் பெருசா? ஐம்பது தாண்டிய பொம்பளை கேட்கிற கேள்வியா அது? விழுங்கிவிட்டாள். அடுத்த வாரம் கேட்கலாம், அதற்கடுத்த வாரம் கேட்கலாம் என்று போக்கியதில், இன்று பதில் சொல்ல வேண்டியவர் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

மதியம் தாண்டி மகள் வந்து சேர்ந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தவள், வாசலிலேயே பங்குக்காரியைக் கட்டிக்கொண்டு, “அத்தை!” என்று கதறினாள். உள்ளே அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாய்க்கு அது நன்றாகக் கேட்டது.

அத்தையாம். அண்ணன் என்று வாயால் கூப்பிட்டுவிட்டால் உடனே அத்தை ஆகிவிட முடிகிறது.

மகள் உள்ளே வந்து அப்பாவின் மார்பில் விழுந்து அழுது ஓய்ந்த பிறகு, தாய் அவள் காதருகே கேட்டாள்: “உனக்கு எப்படித் தெரியும் அவளை?”

“யாரை? வேன் அத்தையா? அப்பா போன்ல சொல்லுவார்மா. ஒரு தடவை மார்க்கெட்ல இருந்து வீடியோ கால்ல பேசும்போது அவங்ககிட்டயும் குடுத்தார்.”

“என்கிட்ட சொல்லவே இல்ல.”

“இதுல சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?”

ஒன்றும் இல்லைதான். ஒன்றும் இல்லாத விஷயம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

அப்போது கொழுந்தன் உள்ளே வந்தான். அண்ணனைப் போலவே உயரம், ஆனால் அண்ணனின் பொறுமை கிடையாது. சமையலறைக்குப் போகிற வழியில் இருந்த சந்தைப் பைகளில் கால் இடித்துத் தடுமாறினான். பையிலிருந்து ஒரு பூசணிக்காய் உருண்டு கூடத்தின் நடுவரைக்கும் வந்து நின்றது. பெரிய காய். ஒரு கையால் தூக்க முடியாது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள்.

“எவன்டா இதை இங்க வச்சது? வண்டி வர்ற நேரம். தூக்கிப் பின்னாடி போடுங்க” என்றான்.

வாசலிலிருந்து பங்குக்காரி எட்டிப் பார்த்தாள். “அது... ஆட்டோக்காரர் இறக்கி வச்சிட்டார். பங்குக் காய். இன்னும் பிரிக்கல” என்றாள் மெதுவாக.

செக்கிங் அக்கா எழுந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து அவள் எழுந்தது அதுவே முதல் தடவை.

“பிரிச்சிடலாம்.”

“அண்ணி?”

“அவ பங்கு அவளுக்குப் போய்ச் சேரணும். இன்னைக்கே பிரிச்சிடலாம். நாளைக்கு இந்த வீட்டுப் படியேறி யாரும் பங்கு கேட்டு வரக் கூடாது.”

“அம்மா, இப்பவா?” மகள் கையைப் பிடித்தாள்.

“இப்பத்தான்.”

 துக்கம் தலைக்கேறிவிட்டது என்று கூடத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் பூசணிக்காயை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, சமையலறைக்குப் போனாள். வாசற்பக்கம் திரும்பாமலே, “வாம்மா” என்றாள்.

பங்குக்காரி வந்து சமையலறைக் கதவோரம் நின்றாள். இத்தனை நாளும் தூரத்திலேயே பார்த்திருந்தவள். கிட்டத்தில் பார்த்தால் அழகி என்று சொல்ல ஒன்றும் இல்லை. வேனில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. கண் வீங்கியிருந்தது. அவள் சேலை முந்தானையிலும் சந்தைச் சேறு இருந்தது. அவரைத் தாங்கிப் பிடித்தபோது ஒட்டியதாக இருக்கும் என்று நினைத்ததும், செக்கிங் அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வழியில் கிடந்த அவருடைய பையை இழுத்துத் துழாவியதில் செய்தித்தாள் சுற்றிய கத்தி கையில் தட்டுப்பட்டது. தாள் பாதி அவிழ்ந்திருந்தது. பூசணியைப் பலகையில் வைத்தாள். எங்கே வெட்டினால் சரிபாதி என்று அவள் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து நாலு விரல் தள்ளிக் கத்தியை வைத்தாள். ஊர்ச் சட்டையின் கோணலை எல்லாம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவள், வேண்டுமென்றே ஒரு கோணலைச் செய்தது அன்றைக்குத்தான்.

முற்றிய காய். கத்தி பாதியில் சிக்கி நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. கத்தியோடு சேர்த்துக் காயைத் தூக்கிப் பலகையில் ஓங்கி அடித்தாள். கூடத்தில் யாரோ திடுக்கிட்டு, “என்ன சத்தம்?” என்றார்கள். இன்னொரு அடியில் பிளந்தது. ஒன்று மலை, ஒன்று மடு. மஞ்சள் வெட்டுவாயிலிருந்து பச்சை வாசனை கிளம்பியது.

“எடு.”

“அக்கா...”

“எடும்மா. வெட்டுறவங்க எடுக்கக் கூடாது, அதுதானே சட்டம்? நான் வெட்டியாச்சு. நீ எடு.”

பங்குக்காரியின் கை பெரிய பாதியின் பக்கம் போனது. யோசித்துப் போன கை இல்லை, பழகிப்போன கை. வழியிலேயே அது நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்ட? எடு. வாரா வாரம் எடுத்ததுதானே?”

இத்தனை காலம் விழுங்கியது வெளியே வந்துவிட்டது. கூடத்துக்குக் கேட்டிருக்குமோ என்றுகூட அவள் கவலைப்படவில்லை. பங்குக்காரி கையை இழுத்துக்கொண்டு, முந்தானையில் துடைத்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுவும் செக்கிங் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“நான் ஒரு நாளும் எடுத்ததில்லக்கா. அண்ணன்தான் வெட்டுவார், அண்ணன்தான் பெருசைத் தூக்கி என் பையில வைப்பார். எடுக்குற முறை என்னுதாச்சேன்னு முதல்ல சண்டைகூட போட்டேன். பேசாம கொண்டு போங்கம்மான்னுடுவார். சும்மா வாங்க எனக்கு மட்டும் மனசு வருமா? அந்த அளவுக்கு என் பங்கு வெங்காயத்துல குறைச்சுக்குவேன்.” கொஞ்சம் நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “ஏன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?”

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை என்று சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. கட்டின புருஷன் தன்னிடம் சொல்லாத ஒன்றை இவளிடம் போய் ‘சொல்லு’ என்று கேட்பதா?

“சொன்னார், சொன்னார்” என்றாள். “எனக்குத் தெரியாம என்ன?”

பங்குக்காரியின் தோள் தளர்ந்தது. பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்த மாதிரி மூச்சுவிட்டாள்.

“அதானே. அக்கா தப்பா எடுத்துக்கப் போறாங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். உங்களுக்கு உடம்பு முடியாமப் போச்சே, அன்னைக்கு உங்களைப் பார்க்க வந்தேன், நீங்க மயக்கத்துல இருந்தீங்க. அண்ணன் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து அப்படி அழுதார்க்கா. ‘எனக்குப் புதுசா செஞ்சு குடுத்துட்டு, மிஞ்சின பழைய சூப்பைக் கொட்ட மனசு வராம இவ குடிச்சிருக்கா. சொன்னா கேக்குற ஆள் இல்ல. வீட்டுல சாமான் மிஞ்சாம இருந்தாத்தான் இவ பிழைப்பா’ன்னார். அதுக்கு அடுத்த வாரம்தான் கோணலா வெட்ட ஆரம்பிச்சார். வெட்டிட்டு, ‘காய் கோணல்னு சொல்லிக்கலாம்’னு அவரே சிரிச்சுக்குவார்.”

செக்கிங் அக்கா பலகையில் சிதறிக் கிடந்த விதைகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளினாள்.

“இன்னைக்கும் அதான்க்கா” பங்குக்காரி குரலைத் தாழ்த்தினாள். “இதைத் தட்டிப் பார்த்துட்டு, ‘முக்காவாசி நீங்க எடுத்துக்கணும், எங்களுக்கு ஒரு கீத்து போதும், அவ இன்னும் முழுசா தேறல’ன்னார். பையில இருந்து கத்தியை எடுத்தார். தாளைப் பிரிக்கும்போதுதான் தண்ணி கேட்டார். வாசல்ல கேட்டவங்ககிட்ட தண்ணி கேட்டது மட்டும்தான் சொன்னேன். இதைச் சொல்லல. இது உங்க வீட்டு விஷயம்.”

சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. வாரா வாரம் சுருங்கின பாதி ஒவ்வொன்றும் தனக்காகச் சுருங்கியது என்றால், தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடலாம். அவள் வயிறோ முன்னைவிட அதிகமாக எரிந்தது. அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. மகளை அனுப்பிவைத்த அன்றுகூட, தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு போனவர். அந்த அழுகையைப் பங்குக்காரி பார்த்திருக்கிறாள். பூசணிக்காயில் பங்கு கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருக்கலாம். கட்டினவளைப் பற்றின பேச்சு, அவளைப் பற்றின பயம், அவளைப் பற்றின சிரிப்பு எல்லாம் ஒரு லோடு ஆட்டோவில் வைத்து இவளிடம் நடந்திருக்கிறது. கட்டினவளுக்கு வந்தது ‘காய் கோணல்’ மட்டும்.

ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கூடத்தைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது. சொல்லியிருந்தால் தான் கேட்டிருப்போமா என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பை அவள் உடனே தள்ளிவிட்டாள்.

சின்னப் பாதியை எடுத்துப் பங்குக்காரியின் பையில் வைத்தாள். பெரியதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பங்குக்காரி அதைப் பார்த்தாள். ஈரக் கண்ணோடு லேசாகச் சிரிக்கப் போனாள். “வெட்டுறவங்க எடுக்கக் கூடாதுக்கா.”

“அது அவர் சட்டம்.”

“அதுக்கில்ல. நீங்க எடுத்துக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இவ்வளவையும் ஒரே ஆளு எப்படிக்கா...”

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள், எவ்வளவோ சொன்னார்கள். நல்ல மனுஷன் என்றார்கள், கஷ்டப்படாமல் போனார் என்றார்கள், கடவுள் இருக்கிறார் என்றார்கள். ஒரே ஆள் என்று யாரும் சொல்லவில்லை.

“நான் பார்த்துக்குறேன்” என்றாள் செக்கிங் அக்கா. “உனக்கு வீட்டுல அஞ்சு பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க. போ.”

“அண்ணனை எடுக்குற வரைக்கும் வாசல்ல இருக்கேன்க்கா” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பங்குக்காரி வெளியே போனாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கூடத்தில் ஆட்கள் எழுந்து நின்றார்கள், அழுகை ஒரே சமயத்தில் உயர்ந்தது. மகள் குரல் தனியாகக் கேட்டது. “அண்ணி, வண்டி வந்தாச்சு. வாங்க” என்று கொழுந்தன் கூப்பிட்டான்.

“இதோ.”

வெட்டின காயை வெளியே வைத்துவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை. போய்த் திரும்புவதற்குள் கெட்டுவிடும். ஃபிரிட்ஜைத் திறந்து கீழ்த் தட்டில் வைத்தாள். முன்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. திருப்பி வைத்தாள், கவிழ்த்து வைத்தாள். தட்டிலிருந்த பால் பாக்கெட்டையும் மாவு டப்பாவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்தி இடுப்பால் முட்டினாள். கையை எடுத்ததும் கதவு மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே விளக்கு எரிந்தது.

இரண்டாக வெட்டினால் போதும். கத்தி பலகையிலேயே இருந்தது. அவள் கத்தியைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

“அம்மா, எல்லாரும் நிக்கிறாங்க. வாம்மா.”

“வர்றேன்.”

திரும்பி நின்று கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் ஊன்றி அழுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. அவள் நகர்ந்தால் திறந்துவிடும்.

“அண்ணி!”

“வர்றேன்னு சொன்னேன்ல” என்றாள், நின்ற இடத்திலேயே. கழுத்தில் குட்டிக் கத்தரி ஆடிக்கொண்டிருந்தது. தேய்ந்த ரப்பர் இடுக்கு வழியாகக் குளிர் கசிந்து வந்து முதுகில் பட்டுக்கொண்டிருந்தது.